கட்டப்படவில்லை

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே, பழக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், பஸ்மினா ஒரு தட்டச்சுக் கடை வைத்திருந்தாள். காணி உறுதி, கலியாண அழைப்பு, மின்சாரப் பட்டியல் பற்றிய முறைப்பாடு, வெளிநாடு போகிறவர்களின் சுயவிவரம் என்று பதினாறு வருடங்களாக ஊராரின் எழுத்தை அச்சாக்கிக் கொடுத்தவள் அவள்தான். எழுத்துப் பிழைகளைக் கேட்காமலே திருத்துவாள். காலப்போக்கில் வசனங்களையும் கேட்காமல் திருத்தத் தொடங்கினாள். யாரும் குறை சொல்லவில்லை. அநேகர் அச்சானதைத் திரும்ப வாசிப்பதில்லை.

உள்ளூராட்சித் தேர்தல் அறிவித்த கிழமை, ஷரிபுதீன் ஹாஜியார் நாலு தாளோடு வந்தார். நெல் ஆலை முதலாளி. போன தடவை பஸ்மினாவின் வட்டாரத்தில் வென்று சபையில் இருந்தவர், மறுபடியும் கேட்கிறார். தாளில் இருந்தது அவருடைய முதல் கூட்டத்துக்கான பேச்சு.

“ஹாஜியார், இதுல முப்பத்தொரு ‘நான்’ கிடக்கு,” என்றாள்.

“நான்தானே மகள் எலக்சன் கேக்கிறன்.”

“கேக்கிறது நீங்க. வோட்டுப் போடுறது சனம்.”

ஹாஜியார் பார்த்துச் செய்யச் சொல்லிவிட்டு பிளேன்டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் இருபத்தெட்டு ‘நான்’கள் ‘நாம்’ ஆகியிருந்தன. ‘அபிவிருத்தி’ என்று இருந்த இடத்தில் றோட்டு, லைட், தண்ணி என்று மூன்று பெயர்களைப் போட்டிருந்தாள். இரண்டு சொன்னால் சனம் இன்னும் ஒன்றுக்குக் காத்திருக்கும். நாலு சொன்னால் முதலாவதை மறந்துவிடும். கடைசிப் பக்கத்தில், ‘ஓம்’ என்பதைத் தவிர வேறு பதில் வராத கேள்விகள் சில. இதெல்லாம் அவளுக்கு எவரும் படிப்பித்துக் கொடுத்ததல்ல. பதினாறு வருடம் மனு அடித்தால், எந்தச் சொல்லுக்கு அதிகாரி தலையை நிமிர்த்துவார் என்பது தானாகப் பிடிபட்டுவிடும்.

ஓரிடத்தில் மட்டும் கை நின்றது. போன தேர்தலில் ஹாஜியார் அவள் வீடு இருக்கும் ஒடுங்கிய ஒழுங்கைக்கு மழைத் தண்ணீர் வடிய வடிகான் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். கட்டவில்லை. மாரி மழையில் ஒழுங்கைக்குள் முழங்கால் வெள்ளம், அவள் சமைக்கும் குசினிக்குள் கணுக்கால் வெள்ளம். ‘வடிகானை என்னால் கட்ட முடியாமல் போய்விட்டது’ என்று எழுதி, அதற்கு ஏழு வரியில் காரணமும் சொல்லியிருந்தார் ஹாஜியார். காரணம் நீண்டால் சனத்துக்குக் கோபம் வரும். பஸ்மினா ஏழு வரியையும் வெட்டினாள். ‘சில தடைகளால் வடிகான் கட்டப்படவில்லை’ என்று அடித்தாள். செயப்பாட்டுவினை. அதற்குள் ஆள் கிடையாது, போய்ப் பிடித்துக் கேட்க முடியாது. நல்ல வசனம் என்றே அவளுக்குப் பட்டது.

இரண்டு நாள் கழித்து அவளுடைய கணவன் முனாஸ் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தான். மருதமுனையில் கைத்தறிச் சாரன் விற்கும் கடையொன்றில் வேலை செய்பவன். மாரியில் மூன்று நாளாகக் குசினித் தண்ணீரைச் சட்டியால் அள்ளி ஊற்றியவனும், ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு தரம் ஹாஜியாரை ஏசியவனும் அவன்தான்.

“பாவம் ஹாஜியார்,” என்றான். “அவர்ர கையில ஒண்டும் இருக்கல்லயாம். சில தடைகளாம்.”

“என்ன தடை?”

“அது… தடைகள்தான்.”

“அந்த வசனத்த எழுதினது நான்.”

“நீ அடிச்சிருப்பாய். விசயம் அவர்ர தானே.”

பஸ்மினாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. சோறு போடும்போது அது போய்விட்டது. பக்கத்தில் இருந்து தண்ணீர் அள்ளியவனையே ஒரு வினைச்சொல் மறக்கடித்துவிட்டதென்றால், ஊரில் மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த கிழமை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பக்கத்து வீட்டு றிப்னாவின் வளவில் பெண்களுக்கான கூட்டம் நடந்தது. ஹாஜியார் அதே தாளை வாசித்தார். ‘சில தடைகளால் வடிகான் கட்டப்படவில்லை’ என்று வந்ததும் பெண்கள் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்கள். பஸ்மினா எழுந்து நின்றாள். எழும்புவதென்று எப்போது முடிவெடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

“ஆரு கட்டல்ல, ஹாஜியார்?”

ஹாஜியார் தாளைப் பார்த்தார். புரட்டியும் பார்த்தார். அதில் பதில் இல்லை. அடித்தவளே எதிரில் நிற்கும்போது தாளைத் தேடி என்ன பயன்?

“நான்தான் கட்டல்ல,” என்றார். “மெயின் றோட்டு வேலையோட நிண்டுட்டன். உங்கட ஒழுங்கைய மறந்துட்டன்.”

றிப்னாதான் முதலில் வாய் திறந்தாள். “மனிசன் ஒளிக்காமச் சொல்லிட்டார்.” அதற்குப் பிறகு எழுந்த கைதட்டலைப் போல அந்தத் தேர்தலில் அதுவரை எங்கும் எழவில்லை. பஸ்மினா உட்கார்ந்தாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே ஹாஜியார் வாசலில் நின்றார்.

“மகள், நேத்து நீங்க கேட்ட கேள்விய இனி எல்லாக் கூட்டத்துலயும் ஆராவது கேக்கணும்.”

“கேட்டா?”

“நான் கொஞ்ச நேரம் தாளப் பாப்பன். பொறகு உண்மையச் சொல்லுவன். அந்த எடத்துல ‘தாளப் பாக்கவும்’ எண்டு அடைப்புக்குறிக்குள்ள போட்டுத் தாங்க.”

“நான் கேட்டது மெய்க் கேள்வி, ஹாஜியார்.”

“நான் சொன்னதும் மெய்ப் பதில்தானே.”

பஸ்மினா அதை அடிக்க மாட்டேன் என்றாள். ஹாஜியார் கோபிக்கவில்லை. றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு தட்டச்சுக் கடைக்குப் போனார்.

இரண்டு நாளில் முனாஸின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. வேறொரு ஒழுங்கையில் நடந்த கூட்டம். யாரோ ஒரு பெண் எழுந்து, “ஆரு கட்டல்ல, ஹாஜியார்?” என்றாள். ஹாஜியார் தாளைப் பார்த்தார், புரட்டினார், உண்மையைச் சொன்னார். கைதட்டல்.

“உன்ன மாதிரியே கேக்கிறா,” என்றான் முனாஸ். “உன்னவிட நல்லாக் கேக்கிறா.”

கடைசிக் கூட்டம் பஸ்மினாவின் ஒழுங்கைச் சந்தியிலேயே நடந்தது. ஆண்களும் பெண்களுமாக இருநூறு பேர் இருப்பார்கள். வீடியோவில் வந்த பெண் அங்கேயும் வந்து கேட்டாள், ஹாஜியாரும் சொன்னார். கைதட்டல் அடங்குவதற்காகப் பஸ்மினா காத்திருந்தாள். வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடிக்கும்படி முனாஸிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

“எப்ப கட்டுவீங்க, ஹாஜியார்?”

“விரைவில்,” என்றார் அவர், பேச்சுத் தமிழை விட்டுவிட்டு. அதற்கும் கைதட்டினார்கள்.

“விரைவில் எண்டா எந்த மாசம்?”

இந்த இடத்தில் எப்போது கைதட்டுவது என்று சனத்துக்குத் தெரியவில்லை. ஆண்கள் பக்கத்தில் இருந்து ஒருவர், பொம்புளைகளை உட்காரச் சொல்லுங்கள் என்றார். றிப்னா உட்கார்ந்தபடியே, “ஓம், எந்த மாசம்?” என்றாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து குரல்கள் அதையே கேட்டன.

“ஒக்டோபர்,” என்றார் ஹாஜியார். குரல் இறங்கியிருந்தது. “ஒக்டோபருக்குள்ள கட்டுவன். நான் கட்டுவன்.”

அவர் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பஸ்மினாவும் அவருக்குத்தான் போட்டாள். மாதம் சொன்ன வேட்பாளர் வேறு யாரும் இருக்கவில்லை.

ஜூலையில் பஸ்மினா, அவர் கூட்டத்தில் சொன்னதைச் சொன்னபடியே மனுவாக அடித்து, வீடியோவில் இருந்து ஒரு படத்தையும் ஒட்டி, ஒழுங்கையில் இருந்த நாற்பத்துமூன்று வீடுகளிலும் கையெழுத்து வாங்கி, அவருக்கு ஒன்றும் சபைக்கு ஒன்றுமாகக் கொடுத்தாள். ஓகஸ்டிலும் கொடுத்தாள். செப்டம்பர் கடைசியில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. ஹாஜியார் காலையில் வந்து ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்று பார்த்தார். சந்தியில் தொடங்கிய வடிகான் றிப்னாவின் கேற்றடியில் முடிந்தது. பஸ்மினாவின் வீடும் அதற்கு அடுத்த வீடும் மிச்சம்.

மாரி வந்தபோது தண்ணீர் வாசற்படி வரைக்கும் ஏறி, ஒரு நாளில் வடிந்தது. குசினிக்குள் வரவில்லை. ஹாஜியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று முனாஸ் எல்லாரிடமும் சொன்னான். பஸ்மினா மறுக்கவில்லை. கடைக்குப் போய் அடுத்த மனுவை அடிக்க உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே அந்த இரண்டு வீட்டு இலக்கங்களையும் போட்டாள்.