வயிற்றில் கட்டிய தலையணை

தையல் கடை வைத்திருந்த அவளுக்கு மூன்று முறை கரு கலைந்துபோனது. நான்காவதை மருத்துவர்கள் ஆஸ்பத்திரியிலேயே, நீர் நிரம்பிய செயற்கைக் கருப்பையில் வளர்த்தார்கள். ஊர் வாய்க்குப் பயந்து அவள் வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டாள். மாதா மாதம் ஒரு பிடி பஞ்சு சேர்த்துத் தைப்பாள். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ல" என்று கணவனிடம் சிரிப்பாள்.

எட்டாம் மாதம், பிள்ளையைப் பார்க்கப் போன பேருந்தில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கும் வயிறு மேடிட்டிருப்பதைக் கவனித்தாள்.

"நீ உக்காரும்மா, எனக்கு வேணாம்."

"எனக்கு ஆறுதான்கா. உங்களுக்கு எட்டாவது இருக்குமே, நிக்கக் கூடாது."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் வீங்கிய கால்களை மாற்றி மாற்றி ஊன்றி நிற்க, இவள் ஐந்து நிறுத்தமும் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை விரல் சப்பிக்கொண்டிருந்தது. அதை ஏறிட்டுப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

அன்று தலையணை இல்லாமல் வீடு திரும்பினாள். எதிர்வீட்டு அக்கா பதறிப்போய், "என்னடி ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலக்கா. பிள்ளை ஆஸ்பத்திரியில வளருது. நான் கட்டியிருந்தது தலையணை."

அக்கா அவள் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இத்தனை நாளா நான் தண்ணிக் கேன் தூக்கிட்டு மாடியேறினது தலையணைக்கா?"

"ஆமாக்கா."

பிள்ளை வீடு வரும்வரை அக்கா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வந்த அன்று முதலில் கதவைத் தட்டியதும் அக்காதான்.