ஈஸ்வரியக்காவின் ஜிலேபி மீனும் சோயா எண்ணெயும்

மீன் தீவனம் விற்கிறவன் தன் சரக்கைத் தானே தின்று பார்த்துச் சொல்ல முடியாது. தின்கிற மீனும் ஒன்றும் சொல்லாது. நடுவில் நிற்கிற விவசாயி கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லித்தான் பிழைப்பு ஓடுகிறது. விதை, உரம், இன்சூரன்ஸ் என்று எதையாவது தூக்கிக்கொண்டு அலைகிற சகோதரர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

எங்கள் தீவன மில்லில் மீன் எண்ணெய் சேர்க்காத புதுத் தீவனம் ஒன்று கொண்டுவந்தார்கள். அதற்குப் பதில் சோயா எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும். கடலில் மத்தி மீனைப் பிடித்து எண்ணெய் பிழிந்து, குட்டையில் இருக்கிற ஜிலேபி மீனுக்கு ஊட்டுவது எத்தனை நாளைக்கு நடக்கும்? நியாயமான யோசனைதான். அதைப் பழனிசெட்டிபட்டியிலிருந்து கூடலூர் வரை பைக்கில் போய் எடுத்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

மோப்பம்

முதலில் போனது வடுகபட்டி ஈஸ்வரியக்காவிடம். கணவர் லாரியோடு பாதி நாள் கேரளாவில். வீட்டை ஒட்டிய இரண்டு பண்ணைக்குட்டைகளையும் அக்காதான் தனியாகப் பார்க்கிறார். நிலமோ கணவரின் அண்ணனோடு பொது. அந்தப் பெரியவருக்குக் குட்டை மீன் என்றாலே ஆகாது.

அக்கா மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளி, மூக்கருகே கொண்டுபோனார். பழைய தீவன மூட்டையைப் பிரித்தால் தெரு நாய் நாலு வந்து நிற்கும். இதற்கு ஒன்றும் வரவில்லை. "வாடையே இல்லையே, மீனு எப்பிடிக் கண்டுபிடிக்கும்?" என்றார். மில்லில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தேன். பாதி எனக்கே புரியவில்லை. கடைசியில் ஒரு குட்டைக்கு மட்டும் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார்.

"மீனு இந்தத் தடவ சோடை போச்சுன்னா ரெண்டு குட்டையையும் மூடி வாழை வச்சிருவோம்னு எங்க வீட்டுப் பெரியவுக சொல்லிட்டாக. ஒங்க வாய நம்பித்தான் எறங்குறேன் தம்பி."

இரண்டு லிட்டர் நல்லெண்ணெய்

கம்பத்தில் சுருளிவேல் அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம், ஓரத்தில் ஒரு குட்டை. செடி எண்ணெய் மீனுக்கு ஆகும் என்று நான் சொல்லிவிட்டு வந்த மறுவாரமே போன். மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறதாம். விழுந்தடித்துப் போனேன். குட்டை முழுக்கப் பளபளவென்று எண்ணெய்ப் படலம், தண்ணீருக்குள் காற்றுப் புக வழியில்லை. வெயில் காலமாயிற்றே, மீனுக்குச் சூடு பிடிக்கக் கூடாது என்று அண்ணன் தீவனத்தின் மேல் இரண்டு லிட்டர் நல்லெண்ணெயை ஊற்றிக் கலக்கி வீசியிருக்கிறார். மில்லில் எண்ணெயை அளந்து, தீவனம் உறிஞ்சும்படி ஏற்றுகிறார்கள் என்பதை நான் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான்.

மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் விட்டோம். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பழைய வேட்டியால் படலத்தை ஒதுக்கினோம். மீன் தப்பித்தது. கரையில் நின்ற அவர் மனைவிக்குத்தான் மனம் ஆறவில்லை.

"வெள்ளிக்கெழம நான் தலைக்குத் தேய்க்க ஒரு கரண்டி எண்ணெ எடுத்தா மூஞ்சியத் தூக்குவாக. மீனுக்கு மட்டும் ரெண்டு லிட்டரு!"

மூன்று நாள் பட்டினி

வடுகபட்டியில் மூன்று நாளாக மீன் புதுத் தீவனத்தைத் தொடவில்லை. குருணைகள் மிதந்து, ஊறி, ஓரமாக ஒதுங்கின. எனக்குச் சோறு இறங்கவில்லை. பேசாமல் பழையதையே போட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் நாலாம் நாள் போனேன்.

போனால், மீன் துள்ளித் துள்ளித் தின்கிறது. அக்கா பழைய தீவனத்தில் முக்கால் பங்கும் புதியதில் கால் பங்கும் கலந்து வீசிக்கொண்டிருந்தார். தினம் கொஞ்சமாகப் பழையதைக் குறைக்கப்போகிறாராம். இது யார் சொன்ன யோசனை என்று ஆவலாகக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளைக்குப் பால ஒரே நாள்லயா மறக்கடிப்பாக?"

இரண்டு சட்டி

ஐந்து மாதம் கழித்து, அறுவடைக்கு முன்னால், குட்டைக்கு நாலு மீன் பிடித்தார் அக்கா. குட்டையை மூடுவதா வேண்டாமா என்பது பெரியவர் தின்று பார்த்துத்தான் முடிவு. நானும் உட்கார்ந்தேன். தனித்தனிச் சட்டியில் குழம்பு. ஆனால் இரண்டிலும் அதே புளி, அதே மிளகாய். அது எந்த எண்ணெய் தின்ற மீன் என்று யாரால் சொல்ல முடியும்? இது கணக்கில் வராது என்று பெரியவரே சொல்லிவிட்டார். மறுபடி மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வேகவைத்தார்கள்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். செடி எண்ணெயில் வளர்ந்த மீன் எடையில் குறையாது. ஆனால் இதயத்துக்கு நல்லது என்கிற ஒமேகா-3 கொழுப்பு அதன் சதையில் குறையும். கடைசிச் சில வாரம் மீன் எண்ணெய்த் தீவனம் கொடுத்தால் பெருமளவு திரும்பிவிடும் என்கிறார்கள். அக்காவிடம் சொல்லியிருந்தேன். பெரியவர் முன்னால் அந்தப் பேச்சு வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

அவர் முதல் வாய் வைத்ததுமே அக்கா, "மாமா, இந்தத் தட்டுல இருக்கிறதுல சத்து ஒண்ணு கம்மி" என்று முழுவதையும் சொல்லிவிட்டார். பெரியவர் கையை எடுத்துவிட்டார். அவர் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டையும் முள் மட்டும் மிஞ்சும்வரை தின்று முடித்தார்.

"கொறையத் தானே வந்து சொல்றவ குட்டைய நான் எதுக்கு மூடுறேன்? கடைசி மாசம் பழைய தீவனத்தையே போடு. ரெண்டுலயும் உப்புத்தான் கம்மி ஆத்தா."

ஆக, எண்ணெயின் அருமையை ஊர் ஊராக விளக்கித் திரிகிற நான், அவர் வீட்டில் அந்த ஒரு குறையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் மீன் முள்ளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.