அறுவடை விருந்துக்கு ஒரு பினஃபோர்

ரேலீன் எதை உடுத்தினாலும் கொஞ்ச நாளில் எதிர்வீட்டு மாக்சினும் அதையே உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். அதே நிறம், அதே வெட்டு, ஆனால் ஒரு படி ஒசத்தி. ரேலீன் பருத்தியில் போட்டால் அவள் லினனில் போட்டாள். ரேலீனின் கம்பளித் தொப்பி சந்தையில் வாங்கியதென்றால் மாக்சினுடையது ஹோபார்ட் நகரத்திலிருந்து வந்திருக்கும். சில சமயம் ரேலீன் வாங்கியதைப் போடுமுன்பே இவள் முதல் ஆளாகப் போட்டுக்கொண்டு கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவாள். பிறகு ரேலீன் அதே தொப்பியோடு போனால், "என்ன ரே, மாக்சினைப் பாத்து வாங்கினியா?" என்று ஊர் கேட்கும்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே இப்படித்தான். ரேலீன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவளுடைய கணவன் டெஸ் வேலி போடும் வேலைக்காரன், கிண்டல் பிடித்தவன். "நீ ஒரு நாள் சாக்கைக் கட்டிக்கிட்டுப் போயேன். அவ பட்டுல சாக்கு தைச்சுக்கிட்டு வருவா" என்பான். இருவரும் சிரிப்பார்கள்.

போன ஆகஸ்டில், அந்தத் தென்கோடியின் குளிர்காலத்தில், ஆற்றின் மேல் பனிமூட்டம் மதியம் வரைக்கும் விலகாத ஒரு வாரத்தில், டெஸ் போய்விட்டான். வேலிக்கம்பத்தைத் தோளில் தூக்கியவன் அப்படியே உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு ரேலீன் தன்னுடைய கரும்பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். டெஸ் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கோட்டு அது. சவப்பெட்டி வண்டியிலிருந்து இறங்கியவள், தேவாலய வாசலில் அதே கரும்பச்சைக் கோட்டில் மாக்சின் நிற்பதைப் பார்த்தாள். கொம்புப் பொத்தான் வைத்த கோட்டு, தலையில் கறுப்புத் தொப்பி வேறு. மெல்பர்னிலிருந்து வந்திருந்த டெஸ்ஸின் உறவுக்காரர்கள் ரேலீனைக் கல்யாணத்தன்று மட்டுமே பார்த்தவர்கள். கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றவளைத்தான் அவர்கள் விதவை என்று நினைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். மாக்சின், "நான் இல்லை, அவள் அதோ" என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவர் முதுகையும் தட்டிக்கொடுத்தாள்.

"கஷ்டப்படாமப் போயிட்டாரு" என்று அவள் சொல்வது ரேலீனின் காதில் விழுந்தது.

அந்த இடத்தில் ஏதோ ஒன்று ரேலீனுக்குள் கெட்டிப்பட்டுப் போனது. அவள் சண்டை போடவில்லை. உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கோடை முழுக்க எதிர்வீட்டோடு சிரித்துப் பேசினாள், அவள் கொண்டுவந்த கேக்கைத் தின்றாள், தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். கழுவும்போதெல்லாம் அந்தத் தட்டை ஓங்கித் தரையில் அடிக்கக் கை துடித்தது. கல்யாணமாகி மெல்பர்னில் இருக்கும் ஜோடி என்ற மகளிடம் மட்டும் ஒரு தடவை தொலைபேசியில் சொன்னாள்.

"விடும்மா, அவங்க சுபாவம் அது."

"என் துணியை எடுத்துக்கிட்டா, விட்டேன். என் வீட்டுச் சாவை எடுத்துக்கிட்டாடி" என்றாள் ரேலீன்.

மார்ச் பாதியில் மலைப்பக்கமிருந்து முதல் குளிர்காற்று இறங்கியதும் ரேலீன் வழக்கம்போல அலமாரியைத் திறந்தாள். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். இலையுதிர்காலம் முழுக்க அவளுக்கு எந்தெந்த நாள் என்னென்ன வேலை என்பது முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ப உடுப்புகளைக் கட்டிலில் அடுக்கிப் பார்ப்பாள். ஆப்பிள் கட்டும் கொட்டகையில் நிற்கிற நாட்களுக்குத் தடித்த காலுறை, கை மடிக்கக்கூடிய சட்டை, தூசி தெரியாத நீலக் கம்பளிச் சட்டை. தனியாக இருக்கும் வயசாளிகளுக்கு வண்டியில் சாப்பாடு கொண்டுபோகும் நாளில் மழைக்கோட்டும் சட்டென்று கழற்றி மாட்ட வசதியான பூட்ஸும். நாயோடு ஆற்றங்கரைக்குப் போக டெஸ்ஸின் பழைய ஸ்வெட்டர். ஞாயிறு தேவாலயத்துக்குச் சாம்பல் பாவாடை. எது நைந்திருக்கிறது, எது போதவில்லை என்று பார்த்து அதை மட்டும் வாங்குவாள். அவள் அடுக்குகிற நாளை மாக்சின் எப்படியோ மோப்பம் பிடித்து, தேநீர் சாக்கில் வந்து கட்டிலோரம் நின்றுகொள்வாள்.

இந்த வருஷம் அடுக்குவதற்கு முன் ரேலீன் ஊர் மண்டபத்துச் சமையலறைக்குப் போனாள். அங்கே எல்லாவற்றையும் நடத்துகிறவள் வில்மா. ஏப்ரல் கடைசியில் நடக்கும் அறுவடை விருந்துக்குப் பரிமாற ஹோபார்ட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று வயசாளிகளின் சாப்பாட்டை வண்டியில் ஏற்றும்போது அவள் சொல்லியிருந்தாள். பரிமாறும் பெண்களின் உடுப்பு ஒன்றைக் காட்டியும் இருந்தாள். நாவல்பழ நிறத்தில், சட்டைக்கு மேல் மாட்டும் கையில்லாத கவுனான ஒரு பினஃபோர், உள்ளே வெண்ணெய் நிறச் சட்டை, கழுத்துக்குக் கட்டம்போட்ட ஒரு துண்டு. மண்டபத்து அலங்காரத்தோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள்.

"அதை ஒரு நாளைக்குக் குடேன், வில்மா."

"உனக்கு எதுக்கு அது?"

"கட்டில்ல விரிச்சு வைக்க."

அடக்கத்தன்று வில்மாவும் அந்த வாசலில் நின்றவள்தான். உடுப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

மாக்சின் அன்று சாயங்காலமே வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் நேராக அதனருகே போனாள். மற்ற அடுக்குகள் எல்லாம் நிஜம், வருஷா வருஷம் இருப்பவை. அவற்றை விரலால் ஒதுக்கிவிட்டு அவள் பினஃபோரிடம் வந்தாள்.

"இது எந்த வேலைக்கு?"

"அறுவடை விருந்துக்கு."

"விருந்துக்கா? பள்ளிக்கூடத்துப் பொண்ணு மாதிரி இருக்குமே."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அப்புறம் பாத்தா ஹோபார்ட்ல இதைத்தான் போட்டுக்கிட்டுத் திரியறாங்களாம். நீ யார்கிட்டயும் சொல்லிடாதே, மாக்ஸ். இந்த ஒரு தடவையாவது நான் முதல்ல போட்டுக்கறேன்."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றாள் மாக்சின். பினஃபோரின் ஓரத்தை மடித்துத் தையலைப் பார்த்தாள், கட்டத்துண்டைத் தன் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். ரேலீன் தேநீர் ஊற்றப் போனாள். சமையலறையில் நின்று, நிதானமாக, கோப்பைகளைக் கழுவி அடுக்கினாள்.

அதன் பிறகு இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. கொட்டகையில் பெட்டிகள் ஏறி ஏறி இறங்கின. ரேலீன் தன் நீலக் கம்பளியில் காலையிலிருந்து ஆப்பிளைப் பொறுக்கி அடுக்கினாள். இதற்கு முன் அறுவடை முடிவதை அவள் இவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்குத் தையற்காரியின் வண்டி வந்துபோவதை ஜன்னலிலிருந்து பார்த்தாள். அன்றைக்கு மட்டும் வேலைக்குப் போகும்போது விசில் அடித்துக்கொண்டு போனாள்.

விருந்தன்று மாக்சின் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் கிளம்பினாள். மண்டபத்து வாசலில் என்ன நடந்தது என்பதை வில்மா பிறகு சொன்னாள். நாவல்பழ நிற லினன், முத்துப் பொத்தான், பட்டில் கட்டத்துண்டு. மாக்சின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் பரிமாறுகிறவர்களின் தலைவன் அவளைப் பார்த்துக் கையைத் தட்டினான்.

"இப்பதான் வரியா? சூப்பு ஆறுது. இந்தா, ஜன்னலோர மேசைக்கு."

"நான் விருந்தாளி" என்றாள் மாக்சின்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்று தட்டை அவள் கையில் திணித்துவிட்டு அவன் போய்விட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் அதே உடுப்பில் ஹோபார்ட் பெண்கள் வரிசையாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரேலீன் போனபோது மண்டபம் நிறைந்திருந்தது. அவள் சாம்பல் பாவாடையும், யாரும் பார்த்திராத சிவப்புக் கம்பளிச் சட்டையும் போட்டிருந்தாள். மாக்சின் ஒரு தூணோரம் நின்றிருந்தாள். உட்காரப் போகும் இடத்திலெல்லாம் யாராவது அவளைக் கூப்பிட்டார்கள். காது மந்தமான காலின் என்ற கிழவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "கிரேவி கொண்டா பொண்ணு, உருளைக்கிழங்கு காஞ்சு கிடக்குது" என்று உரக்கச் சொன்னார். அவளைத் தெரிந்தவர்களுக்குக்கூட முதல் பார்வையில் புரியவில்லை. புரிந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தார்கள்.

ரேலீனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வெளியூர்க்காரி, ஒரு தோட்டக்காரரின் மருமகள். "அந்த வயசான அம்மாவும் இவங்க ஆளா? பாவம், கால் வலிக்குமே" என்று கேட்டாள்.

ரேலீன் மாக்சினைப் பார்த்தாள். இல்லை, எதிர்வீட்டுக்காரி என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள்.

"ஆமா. ஆனா சுறுசுறுப்பானவங்க" என்றாள்.

மாக்சின் காதில் அது விழுந்தது. மேசைக்கு வந்து குனிந்தாள். "நீ இதைப் போட்டுக்கறேன்னுதானே சொன்னே?"

"மனசு மாறிடுச்சு. அந்தத் தட்டை எடுத்துடறியா, மாக்ஸ்?"

மாக்சினின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவள் தட்டை எடுக்கவில்லை. கழுத்துத் துண்டை உருவி மேசைமேல் போட்டுவிட்டு, நடு மண்டபத்தின் வழியாக வெளியே நடந்தாள். யாரோ ஒருவர், "கோவிச்சுக்கிட்டு வேலையை விட்டுட்டுப் போறா" என்றார். மேசை மேசையாகச் சிரிப்பு பரவியது. ரேலீன் அன்று ஆப்பிள் பை என்கிற பலகாரத்தில் இரண்டு துண்டு தின்றாள். டெஸ் போனதிலிருந்து சாப்பாடு ருசித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை மாக்சின் தெருவைத் தாண்டி வந்தாள். படியேறவில்லை, கேட்டிலேயே நின்றாள்.

"வேணும்னுதானே செஞ்சே?"

"ஆமா."

"நாப்பது வருஷப் பழக்கம், ரே. ஒரு துணிக்காகவா?"

"துணிக்காக இல்ல. தேவாலய வாசல்ல நீ வாங்கிக்கிட்டதுக்காக. அவங்கல்லாம் என்னைக் கட்டிக்க வந்தவங்க."

மாக்சின் கேட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லியிருக்கணும். சொல்லணும்னு நெனச்சேன். ஆனா… என்னை யாரும் அப்படிப் பிடிச்சுக்கிட்டதில்ல. விட மனசு வரல."

மாக்சின் தனிக்கட்டை. வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். இது ரேலீனுக்குத் தெரியாததல்ல. நெஞ்சில் ஓரிடம் இளகப் பார்த்தது. அது இளகக் கூடாதென்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அவங்க யாரும் என்னைப் பிடிச்சுக்கல, மாக்ஸ். நான்தான் அன்னிக்குப் புருஷனைப் பறிகொடுத்தவ. போ, உன் வீட்டுக்குப் போ."

மாக்சின் போனாள்.

மே மாதம் குளிர் சரியாகக் கிளம்பியது. ரேலீன் ஜன்னலில் புதுத் திரை மாட்டி, அலமாரி வேலையையெல்லாம் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மாக்சினுக்கு இந்தக் காலத்துக்கு எதைப் போடுவதென்றே தெரியவில்லை. ஒரு நாள் கோடைப் பருத்தியில் நடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். இன்னொரு நாள் வெயிலில் கம்பளி மேல் கம்பளியாக வியர்த்து வழிந்தாள். ரேலீன் திரையை ஒரு விரல் அகலம் விலக்கி, தேநீர் கோப்பையோடு, ஒன்றையும் விடாமல் பார்த்தாள்.

அந்த வாரம் ஜோடி தொலைபேசியில் கூப்பிட்டாள். வில்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள்.

"போதும்மா. இப்ப ஆத்திரம் தீந்துச்சா?"

மகளிடம் பொய் சொல்ல ரேலீனுக்கு விருப்பமில்லை.

"பாதி" என்றாள்.