தன் வாயால் ஓர் ஆமென்

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் ஒரு வாடை வருமே, அது. திரி கருகி, மெழுகு இன்னும் சூடாக இருக்கையில், கோடாக எழுந்து வளைகிற புகையின் வாடை. போன மாதம் மகளின் பிறந்தநாளன்று அவள் கேக்கின் மேல் குனிந்து ஊதினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கத்தியை மேசையில் போட்டுவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன். "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று உள்ளே கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்த வாடை வந்தால் நான் காரைக்குடியில், எங்கள் ஓட்டு வீட்டில், ஃபேனை நிறுத்திய அறையில் நிற்கிறேன்.

அப்பா மோட்டார் மெக்கானிக். நெற்குப்பை, கீழச்சிவல்பட்டி என்று எந்தப் பெரிய வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏறாவிட்டாலும் அவருக்குத்தான் போன் வரும். மாதா கோயிலில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது, கூலியில்லாத வேலை. யாராவது சாகக் கிடந்தால், கடைசி செபம் சொல்லி எண்ணெய் பூசச் சாமியார் போவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு அப்பா போவார். கையில் ஒரு துணிப்பை. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார். பஞ்சு, கிண்ணத்தில் தண்ணீர், பாதியாய் நறுக்கிய எலுமிச்சம்பழம். சாமியாரின் கட்டைவிரலில் ஒட்டிய எண்ணெயைத் தேய்த்தெடுக்கத்தான் அந்தப் பழம். பையின் அடியில் எப்போதும் பாதி எரிந்த மெழுகுவர்த்திகள் உருண்டுகொண்டிருக்கும்.

சில நாள் திரும்பி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். அம்மா கேட்டால், "இன்னைக்கும் நான்தான் ஆமென் சொன்னேன்" என்பார்.

சாமியாரைப் பார்த்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று வீட்டார் தள்ளிப்போடுவார்கள். நினைவு தப்பிய பிறகுதான் ஆள் அனுப்புவார்கள். செபத்துக்குப் பதில் சொல்ல அந்த மனிதருக்கு வாய் இருக்காது. அப்பா சொல்வார். "அவுகவுக ஆமென அவுகவுகதான சொல்லணும்? எரவல் வாயில சொல்லி அனுப்புறாகளே" என்று சோற்றைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

அவருக்கே ஈரலில் புற்று வந்தது. மதுரை டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றார். கார் ஏறுவதற்குள் அம்மா முடிவெடுத்துவிட்டாள்.

"மஞ்சக்காமாலைன்னு சொல்லிருவோம். கீழாநெல்லிக்குக் கேக்கும்னு நீயும் சொல்லு."

"சாமியாரக் கூப்பிடணுமேம்மா."

"வாயக் கழுவுடி. அவரு படியேறுனா மனுசன் அன்னைக்கே உசுர விட்டுருவாக. எத்தன வீட்டுக்கு முன்னால போனவுக, தெரியாதா அவுகளுக்கு?"

அவள் சொன்னதும் சரிதான். அதுதான் என்னைத் தின்றது. கூப்பிட்டால் நாங்களே அவரிடம் சாவைச் சொன்னதாகும். கூப்பிடாமல் விட்டால் அவர் ஆமெனை வேறு யாரோ சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் அந்த அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தேன். வலி மாத்திரை போட்டால் அப்பா எங்கோ போய்விடுவார். தூக்கத்தில், "ஒரு பேஸ் கரண்டு போயிருச்சு, மோட்டாரு சுவிச்ச அமத்து" என்பார். கண் திறந்ததும் நான் ஓடிப்போய்க் கேட்பேன்.

"அப்பா, நான் யாரு?"

"ஏன், ஒனக்கே மறந்துபோச்சா?"

சிரிப்பேன். சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போய் அவர் தம்ளரைக் கழுவுவேன். இன்றைக்கு நினைவு இருக்கிறது, நாளைக்கு? சாயங்காலம்? இந்தத் தம்ளரைக் கழுவி வைப்பதற்குள்?

ஒரு காலையில் அவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "யாரு, கடையிலருந்து வந்திருக்கீகளா?" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கோயிலுக்கு ஓடினேன்.

அதைக் கேட்டதும் அம்மாவும் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்திருந்தாள். சாமியார் சும்மா பார்க்க வந்தவர் போல வர வேண்டும். அங்கி கூடாது, எண்ணெய்ச் சிமிழ் சட்டைப் பையில் இருக்க வேண்டும், அப்பா கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்துப் பூசிவிட வேண்டும். இதை நான் சொல்லி முடித்ததும் அந்த இளம் சாமியார் என்னையே பார்த்தார். "அவருகிட்டயா மறைக்கப்போறீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் வருவதாகச் சொன்னார்.

மத்தியானத்துக்கு மேல் அப்பா தெளிந்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஸ்டூலில் கண் போய் நின்றது. நானும் அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைத் துணி வேண்டாம், சுரூபம் வேண்டாம், எதுவுமே தெரியக்கூடாது என்று சொன்ன அம்மா, இத்தனை வருடம் பை கட்டிக் கொடுத்த கைப்பழக்கத்தில், எலுமிச்சையைப் பாதியாய் நறுக்கி ஒரு தட்டில் வைத்திருந்தாள்.

"யாருக்கு ஜூஸு?" என்றார் அப்பா. அவருக்கு மாத்திரையோடு ஒரு மடக்குத் தண்ணீருக்கு மேல் எதுவும் இறங்கி இரண்டு நாளாகியிருந்தது.

"எதுத்த வீட்டு ஆச்சி குடுத்தாக. ரசத்துக்கு" என்றாள் அம்மா.

"ரசத்த இங்குட்டுக் கட்டில்கிட்டயா வைப்பாக?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அது உடைவதைப் பார்க்கத் தைரியமில்லை.

"துணி எங்க? பஞ்சு எங்க?" என்றார். "சாமி வந்து பாத்தா என்ன நெனப்பாரு? ஊரு வீட்டுக்கெல்லாம் வச்சான், இவன் வீட்டுல இந்த லட்சணம்னு நெனக்க மாட்டாரா? அந்தப் பைய எடுத்துட்டு வா. கால்மாட்டுல வைக்காத, நான் பாக்கணும்ல."

"ஒங்களுக்கு…" என்றாள் அம்மா.

"மதுரையிலயே தெரியும். நீ பயந்துருவியேன்னு பேசாமக் கெடந்தேன். இன்னைக்கும் நீங்க சாமியக் கூப்பிடலன்னா நானே கூப்பிடச் சொல்லிருப்பேன்."

துணியை விரிக்கும்போது அவர் பக்கம் திரும்பாமலே கேட்டேன். "பயமா இருக்காப்பா?"

"இருக்குத்தா. கையத் தொட்டுப் பாரு, சில்லுன்னு கெடக்கு. அதுக்குத்தான அவரக் கூப்பிடுறது. வேற யாருகிட்டப் போயி சொல்ல?"

வலி மாத்திரை நேரம் வந்தது. வேண்டாம் என்று தலையசைத்தார். சாமி வந்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகான நேரத்தை நான் இன்றும் எங்கும் வைக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அலைகிறேன். மெழுகுவர்த்தி அணைந்துவிடக் கூடாதென்று ஃபேனை நிறுத்தியிருந்தேன். சித்திரை வெக்கை. வலி ஏற ஏற அவர் விரல்கள் கட்டில் சட்டத்தைப் பிடித்தன. தெருவில் போகிற ஒவ்வொரு பைக்குக்கும் என் காது போய் வந்தது. கண்கள் செருகும்போதெல்லாம் "அப்பா, அப்பா" என்றேன். "இருக்கேன், இருக்கேன்" என்றார். பிறகு அதுவும் சொல்லவில்லை.

சாமியார் வந்தார், அங்கியோடு. நெற்றியில் பூசினார். கிரீஸ் கறை இன்னும் போகாத அந்த உள்ளங்கைகளில் பூசினார். செபத்தைச் சொல்லி நிறுத்தினார்.

அப்பாவின் உதடு அசையவில்லை.

சாமியார் காத்திருந்தார். அம்மா தாங்காமல் வாய் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். வேண்டாம்மா. இன்னும் கொஞ்சம். அப்பாவின் தொண்டைக்குள் எதுவோ இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது, வெறும் காற்றையே இழுத்துக்கொண்டிருந்த மோட்டாரில் கடைசியாகத் தண்ணீர் ஏறுகிற மாதிரி.

"ஆமென்."

எல்லோருக்கும் கேட்டது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று இரவு ரயிலுக்கு நான் என் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மறுநாள் மகளுக்குப் பரீட்சை, எழுதி முடித்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அவள் எழுதிவிட்டு வந்து நாங்கள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோதே, அப்பா போய்விட்டார் என்று அம்மாவின் போன் வந்துவிட்டது.

ஆனால் கிளம்பிய அந்த வேளையில் அவர் விழித்திருந்தார். மாத்திரை போட்டாகிவிட்டது. பனியன் முழுக்க வியர்வை. ஸ்டூலில் மெழுகுவர்த்தி பாதிதான் எரிந்திருந்தது. அதை அணைக்கவும் முடியாமல், ஃபேனைப் போடவும் முடியாமல், தீயைக் கையால் மறைத்தபடி நின்றேன். அணைத்தால் என்னவோ ஆகிவிடும் என்று பயம். ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்தது.

"போயிட்டு வர்றேன்ப்பா."

அவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், கைக்குள் இருந்த தீயைப் பார்த்தார்.

"ஊதிட்டுப் போத்தா. மிச்சம் அடுத்த வீட்டுக்கு ஆகும்."