பிரெஞ்சுக் கப்பல் தேடிய இரண்டு நாட்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, செங்கடலைக் கடக்கவே சரக்குக் கப்பல்கள் பயந்துகொண்டிருந்த சமயம். நான் ராயப்பன்பட்டியில் டீச்சராக இருக்கிறேன். என் தம்பியும் உத்தமபாளையத்தைச் சேர்ந்த அவன் சிநேகிதனும் ஒரே சரக்குக் கப்பலில், இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தார்கள். அந்தக் கப்பல் மேல் ட்ரோன் விழுந்து தீப்பிடித்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் வேறு தகவலே இல்லை. சிநேகிதனின் அம்மா மணிக்கொரு தரம் போன் செய்து, “எதுவும் தெரிஞ்சுச்சா டீச்சர்?” என்று கேட்டபடியே இருந்தார்.

மறுநாள் காலை ஏதோ ஓர் எண்ணிலிருந்து தம்பி பேசினான். “அக்கா, நான் நல்லாயிருக்கேன். பிரெஞ்சு நேவிக் கப்பல் வந்து எங்களத் தூக்கிருச்சு. அதுலதான் இருக்கோம்.” மேலும் என்னவோ சொல்ல வந்தான். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

‘எங்களை’ என்று அவன் சொன்னது என் காதில் ‘எல்லோரையும்’ என்றுதான் விழுந்தது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து உத்தமபாளையம் ஓடினேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பேரையும் காப்பாத்திட்டாகம்மா” என்றேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, என்னை மறுபடி மறுபடி சொல்லவைத்தார். நானும் சளைக்காமல் சொன்னேன். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தவர், என்னோடு உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டார்.

சாயங்காலம் தம்பி மறுபடி பேசினான். குரலே சரியில்லை. “அவனக் காணோம்க்கா. தீ வந்தப்பக் கடல்ல குதிச்சான். ஹெலிகாப்டர் விட்டுத் தேடுறாக.”

கப்பல் கம்பெனிக்காரர்களே சொல்லிக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் போய்ச் சொன்னேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. “தேடுற அந்தக் கப்பலு இன்னும் அங்கனதான நிக்குது?” என்று மட்டும் கேட்டார். நிற்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. “தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். பின்னால் வரும் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகவேண்டியிருந்ததால், அதற்கு மேல் அந்தப் போர்க்கப்பலால் அங்கே நிற்க முடியவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பிய தம்பி முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான். நானும் கூடப் போனேன். தேடுவதை நிறுத்தியபோது பிரெஞ்சு மாலுமிகள் மேல்தளத்தில் வரிசையாக, தொப்பியைக் கழற்றிவிட்டு, கடலைப் பார்த்து நின்றதைச் சொன்னான்.

“யாரு பெத்த பிள்ளைகளோ, எம்மகன ரெண்டு நாள் தேடியிருக்காக” என்றார் அந்த அம்மா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

சரியாகத் தெரியாத ஒன்றை நல்ல செய்தியாக்கி, ஒரு தாய்க்கு ஒரு பகல் முழுக்க மகனை உயிரோடு கொடுத்து, பிறகு பிடுங்கிக்கொண்டவள் நான். இன்றும் யாருக்காவது ஆறுதல் சொல்ல வாயெடுத்தால், அந்த நினைப்பு வந்து பாதியிலேயே நின்றுவிடுகிறேன்.