மணி சார் கயிற்றில் இறங்கிய விதம்

இன்று எங்கள் கழக்கூட்டத்து ஆபீசில் தீப்பிடித்தால் தப்பிக்கும் பயிற்சி. மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டும்.

சொல்லித்தர வந்தவள் ஜெனி, பாறசாலைக்காரி. மலையேற்றமும் முகாமும் கற்றுத்தரும் கல்லூரிப் படிப்பாம். அப்படியும் ஒரு டிகிரி இருக்கிறது. இன்று அவளுக்குச் செய்முறைத் தேர்வு. ஆளைக் கீழே இறக்கினால்தான் மார்க். அவளுடைய ஆசிரியை கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அக்கவுண்ட்ஸ் மணி சார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டியவர் அதைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

அடுத்தது என் முறை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், அந்தக் கயிறு ஒரு காரையே தாங்கும். சும்மா இறங்குங்க."

ஜெனி திரும்பினாள். "சேட்டா, கயிறு தாங்கும்னு சாருக்கும் தெரியும். கொஞ்சம் மிண்டாம, பேசாம நில்லுங்க."

பிறகு அவரிடம் மெதுவாகச் சொன்னாள். "சார், வேண்டாம்னா திரும்பி வந்திரலாம். நான் பிடிச்சுக்கிடுதேன்."

"உன் பரீட்சை?"

"அது பிறகும் எழுதலாம் சார்."

மணி சார் அவளையே பார்த்தார். சுவரிலிருந்து கையை எடுத்தார். பின்பக்கமாக ஓரடி வைத்தார். இன்னொன்று. அப்படியே தரைவரை போய்விட்டார்.

திரும்பலாம் என்று சொன்னதும் ஒரு மனிதர் இறங்குகிறார். இதற்கு என்னிடம் ஃபார்முலா இல்லை. இன்னும் வியப்பு அடங்கவில்லை.

அடுத்து நான் சுவரைத் தாண்டிக் கீழே பார்த்தேன்.

கீழேயிருந்து மணி சார் கூவினார். "டேய், காரையே தாங்கும்டா. சும்மா இறங்கு."

இறங்கினேன். எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.