ராத்தாவின் கலியாணத்துக்குக் கழுவிய பைக்

என் கூடப்பிறந்த ராத்தாவின் மகன் பழைய மோட்டார் பைக் ஒன்றைத் திருத்தி என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பெற்றோலும் ஒயிலும் சேர்ந்து கருகும் அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே எது என்று தெரிந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். மாவடிப்பள்ளி வயலில் இரண்டு போகம் நான் சேற்றில் நின்றதற்காக வாப்பா எனக்கு வாங்கித் தந்த பைக். எனக்குப் பத்தொன்பது வயது. கடற்காற்றில் துருப்பிடிக்காதிருக்க அந்தியில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பேன். ராத்தாவைத் தையல் வகுப்புக்கு அதில்தான் ஏற்றிப்போவேன்.

ராத்தாவின் கலியாணத்தன்று காலையில், "பைக்க நல்லாக் கழுவி வை மகன்" என்றார் வாப்பா. மாப்பிள்ளையைக் கூட்டிவரத்தான் என்று நினைத்து, கம்பி கம்பியாகத் தேய்த்தேன். நிக்காஹ் முடிந்ததும் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். சபை பார்த்திருக்க அதை மச்சானின் கையில் வைத்தார்.

பிறகு வாப்பாவிடம் தனியே கேட்டேன். "மாப்பிள்ள நம்மட வீட்டுலதானே இரிக்கப் போறாரு. பைக் எங்க போகப் போகுது?" என்றார்.

உண்மைதான், எங்கும் போகவில்லை. நான் கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போகும்வரை, மச்சான் அதை உதைத்துக் கிளப்பும் சத்தத்தில்தான் ஒவ்வொரு காலையும் கண்விழித்தேன்.

"ஏறுங்க மாமா" என்றான் ராத்தாவின் மகன். "எங்கட வாப்பாட முதல் பைக் இது. அவர் உழைச்சு வாங்கினதாம்."

"ஆர் சொன்ன?"

"உம்மாதான்."